இலையை விட்டு எழுந்தவர்

ஹோட்டல் தொழிலில் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும், கோட் போட்டவரானாலும் கதர்ச் சட்டைக்காரரானாலும், முதல் அரைமணிக்குள் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: "இது உங்க சொந்த ஹோட்டல்னு நெனச்சு வேலை பாருங்க." கும்பகோணத்தில் நான் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருக்கும் ஹோட்டலிலும் ஒருவர் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "அப்ப ரூம் வாடகை நம்ம கைக்கு வருமாடி?" என்றாள். அது என் காதில் மட்டும் விழுந்தது. பயிற்சியாளர் காதில் விழுந்திருந்தால் அதற்கும் ஒரு ஸ்லைடு வைத்திருப்பார்.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டு, ஆள் வைத்து வேலை வாங்குவதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது பாதிப் பேச்சுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அறைகள் பாதி காலியாகக் கிடக்கும் நாளில், கோயில் மண்டபத்தில் நடக்கும் பெரியபுராண வகுப்புக்குப் போவேன். அப்பா வைத்திருந்த ஆறுமுக நாவலரின் வசனப் புத்தகம், அட்டை போன நிலையில், இன்னும் என்னிடம் இருக்கிறது. வகுப்பில் சொல்வது பயிற்சியாளர் சொல்வதற்கு நேர் எதிர். 'என்னுடையது' என்ற நினைப்பு வந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்கிறது தொழில். அந்த நினைப்பு ஒழிந்தால்தான் தொண்டு ஒழுங்காக நடக்கும் என்கிறது சைவம். சைவம் மட்டுமா? திருக்குறளில் துறவு அதிகாரத்தைப் புரட்டினாலும் இதே பேச்சுதான். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே வேலையைப் பற்றி: வந்தவரை உட்காரவைப்பது, சோறு போடுவது, துணி துவைப்பது, தங்க இடம் கொடுப்பது. அறுபத்துமூவர் கதைகளில் பாதி எங்கள் தொழில்தான்.

கீதையை எடுத்துக்கொண்டு வருகிற பயிற்சியாளர்களும் உண்டு. பலனில் கண் வைக்காமல் கடமையைச் செய் என்ற உபதேசம் போனஸ் குறைந்த வருஷங்களில் கொஞ்சம் உரக்கவே கேட்கும். அதைச் சொன்னவர் எங்கே உட்கார்ந்து சொன்னார் என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. தேர்த்தட்டில், சாரதியின் இடத்தில், குதிரைக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தப் போரில் அவர் சம்பளம் வாங்காத டிரைவர். ஜெயித்தாலும் அரியணை அவருக்கு இல்லை. பலனைத் தொடாதவர் இன்னொருவரிடம் பலனைத் தொடாதே என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கல்லாவில் உட்கார்ந்து நோட்டை எண்ணிக்கொண்டே அதைச் சொன்னால் அது வேறு சாஸ்திரம்.

சொந்தம் என்ற நினைப்பை நான் நடைமுறையில் போட்டும் பார்த்தேன். முன்பெல்லாம் அறை சுத்தம் செய்கிற பெண்கள் எல்லாரும் ஒரே கூட்டமாக மேலிருந்து கீழே வருவார்கள். எந்த அறையை யார் செய்தார்கள் என்று தெரியாது. குளியலறை மூலையில் தலைமுடி கிடந்தால் எல்லாரும் இன்னொருத்தியைப் பார்ப்பார்கள். இன்ன வேலைக்கு இன்ன ஆள் என்று பார்த்துத் தேர்ந்து, பிறகு வேலையை அவர் கையிலேயே விட்டுவிடச் சொல்கிற 'தெரிந்து வினையாடல்' திருக்குறளில் 52-ஆவது அதிகாரம். அதை நம்பி மாடிக்கு இரண்டு பேர் என்று பிரித்துக் கொடுத்தேன். அறையை மாற்றிக் கொடுப்பதா, கூடுதல் தலையணை தருவதா, பாலுக்குக் காத்திருக்கும் குழந்தைக்குச் சமையற்கட்டிலிருந்து வெந்நீர் வாங்கித் தருவதா, எதற்கும் என்னைக் கேட்க வேண்டாம் என்றேன். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் விருந்தாளியின் குறையைத் தீர்க்க ஊழியர் எவரும் மேலதிகாரியைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்ற வழக்கம் இந்தத் தொழிலில் பிரசித்தம். முதலாளியிடம் அதைச் சொல்லி, எங்கள் அளவுக்கு 200 ரூபாய் என்று அனுமதி வாங்கினேன். டாலர் என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கில், ரூபாய் என்றதும் உடனே சரி என்றுவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் அறைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. பெண்கள் "என் மாடி" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பங்குனி முகூர்த்தம் வந்தது. இரண்டாம் மாடியில் பெட்ஷீட் இல்லை, கல்யாண வீட்டார் பெட்டியோடு நடையில் நிற்கிறார்கள். தேடிப் பார்த்தால் மூன்றாம் மாடியில், தண்ணீர்க் குழாய் போகிற அலமாரிக்குள், மடித்த விரிப்புகள் ஒரு கட்டு. திருட்டு இல்லை. "என் மாடிக்கு வேணுமேன்னு எடுத்து வச்சேங்க்கா" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்து மாடியில் பெல் அடித்தால் போகமாட்டார்கள், அது அவர்கள் மாடி இல்லை. கீழ்மாடிக்காரி ஒருநாள் நல்ல வாளியாகப் பார்த்துத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு ஓட்டை வாளியை மேலே அனுப்பினாள். சொந்தம் என்று நினைக்கச் சொன்னோம், நினைத்தார்கள். நிலத்துக்கும் வாய்க்காலுக்கும் நடக்கிற வழக்கெல்லாம் எங்கள் மாடிப்படியில் நடந்தது. பற்றை அறுக்கச் சொன்ன பெரியவர்கள் வரப்புச் சண்டை பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

விரிப்பு, துவாலை எல்லாவற்றையும் பொது அறையில் வைத்து ஒரே பூட்டுப் போட்டேன். மாடிப் பொறுப்பு மட்டும் அவரவருக்கு.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிறவர்கள்தான் எங்கள் பிழைப்பு. விடியற்காலை கார் ஏறி, இருட்டிய பிறகு திரும்புவார்கள். அப்படி வந்த ஒரு வயதான தம்பதியின் அறையைக் காலையில் திறந்த பெண், கட்டில் விரிப்பு கலையாமல் இருப்பதையும், சுவரோரம் தரையில் ஒரு தலையணை கிடப்பதையும் பார்த்திருக்கிறாள். பெரியவர் மெத்தைக் கட்டிலில் படுக்க முடியாமல் வெறுந்தரையில் படுத்திருக்கிறார். அவள் யாரையும் கேட்கவில்லை. ஸ்டோரிலிருந்து பழைய பஞ்சு மெத்தை ஒன்றை எடுத்துவந்து தரையில் விரித்து, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டூலையும் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தாள். "எங்கம்மாவுக்கும் இடுப்பு இப்படித்தாங்க்கா" என்பதற்கு மேல் அவளிடம் விளக்கம் இல்லை. அந்தத் தம்பதி மறுநாள் அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவளை அவர்கள் பார்த்ததே இல்லை. கூகுளில் ஒன்றும் எழுதவும் இல்லை.

முதலாளிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "எல்லா ரூமுக்கும் இதைப் பண்ணிட்டா என்னம்மா?" என்றார். ரிசப்ஷனில் கேட்க வேண்டிய கேள்விகளில் 'தரையில் மெத்தை வேண்டுமா?' என்று ஒன்று சேர்ந்தது. அந்த வாரம் கல்யாணம் முடிந்த கையோடு வந்து இறங்கிய புதுமாப்பிள்ளை ஒருவரிடம், அவர் மாமனாரை வைத்துக்கொண்டே, ரிசப்ஷன் பையன் அதைக் கேட்டான். மறுநாள் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம்.

அந்தப் பெண்ணுக்கு அந்த அறையில் எதுவும் சொந்தமில்லை. கட்டில், மெத்தை, ஸ்டூல், எதுவும். எதிரே இருந்த ஆளைத் தன் ஆளாக அவளே எடுத்துக்கொண்டாள். பயிற்சியாளர் கேட்கும் பற்றும் புராணம் கேட்கும் பற்றின்மையும் அந்த ஒரு காலையில் அவளிடம் சண்டை போடாமல் இருந்ததாக எனக்குப் பட்டது. ஆனால் அதை அவளிடம் கேட்டு வாங்கியிருக்க முடியாது. கேட்டிருந்தால் புதுமாப்பிள்ளையிடம் கேட்டது மாதிரிதான் ஆகியிருக்கும்.

நிர்வாகத்துக்குச் 'சொந்தம்' எப்போது ஞாபகம் வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பொருள் காணாமல் போகும்போது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் விருந்தாளி துவாலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டால், அறை செய்த பெண்ணின் சம்பளத்தில் பிடிப்பார்கள். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இதற்கு வரம்பு இருந்தது: அந்த ஆளிடம் குறிப்பாக ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும், அவருடைய கவனக்குறைவால் நேரடியாகப் போனதாக இருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் பிடிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அந்த ஹோட்டலில் இதை யாரும் கேள்விப்பட்ட மாதிரி தெரியவில்லை. லாபம் முதலாளியுடையது, நஷ்டம் மட்டும் 'நம்முடையது'.

ஒப்படைத்த துணி காணாமல் போன கதை ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அமர்நீதி நாயனார் பழையாறையில் துணி வியாபாரி. பிரம்மச்சாரி ஒருவர் பாதுகாக்கக் கொடுத்த கோவணம் மறைந்துபோகிறது. அதற்கு ஈடாக வியாபாரி தராசில் துணியையும் பொன்னையும் மற்றப் பொருளையும் வைக்கிறார், தட்டு நேராகவில்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் தானே தட்டில் ஏறுகிறார். அந்தத் தராசில் கடைக்காரர் ஏறினார், அவர் குடும்பம் ஏறியது. துணி மடித்த கூலியாளை யாரும் ஏற்றவில்லை. சேக்கிழாருக்கு அது தோன்றவே இல்லை.

இனி மழை. ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் எங்களுக்கு ஒரே பேச்சுதான்: துணி காயவில்லை. எங்கள் சலவைக்காரர் அரசலாற்றுப் பக்கம் கயிறு கட்டி உலர்த்துகிறவர். இன்று காலை எடுத்துப் போனதை நாளை சாயங்காலம் திருப்பித் தர வேண்டும், தவறினால் பில்லில் பிடித்தம் என்பது ஒப்பந்தம். அடைமழை நாட்களில் அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். கூடத்தின் குறுக்கே எங்கள் விரிப்புகள் தொங்கும், இரண்டு டேபிள் ஃபேன் சுழலும், அவர் மனைவி அரை ஈரத்துணிமேல் கரிப்பெட்டியை அழுத்தி அழுத்தி ஆவி பறக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் அந்த விரிப்புகளுக்கு அடியில் குனிந்து போய்ப் புத்தகம் எடுப்பார்கள். அவ்வளவு செய்தும் அறையில் விரித்தால் ஈரவாடை லேசாக அடிக்கும். விருந்தாளி மூக்கைச் சுளிப்பார். பில்லில் பிடித்தம்.

திருக்குறிப்புத் தொண்டர் கதையைக் கேட்டவர்களுக்கு அடுத்து நான் எங்கே போகிறேன் என்று தெரிந்திருக்கும். காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி. அடியார்களின் மனக்குறிப்பறிந்து துணி வெளுத்துக் கொடுப்பவர். குளிர்காலத்தில் ஒரு மெலிந்த கிழவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். குளிர் தாங்காது, பொழுது சாய்வதற்குள் தருவதானால் எடுத்துப்போ என்கிறார். தொண்டர் துவைக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. சொன்ன நேரம் தவறிப் போகிறது. துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்கிறார்.

ஒரு பயிற்சியாளர், நம்மூர்க்காரர்தான், இந்தக் கதையைச் சொல்லி, "இதுதாங்க கமிட்மென்ட்" என்று முடித்தார். கைதட்டினார்கள். எனக்கு எழுந்து போய் மைக்கைப் பிடுங்கலாம் போல இருந்தது. கதை அங்கே முடியவில்லையே. அந்தக் கல்லிலிருந்து ஒரு கை வெளியே வந்து அவரைப் பிடித்து நிறுத்துகிறது. சேக்கிழார் கதையைக் கொண்டுபோனது அந்தக் கைக்காக. கெடு வைத்தவர் சிவன், மழையைப் பெய்வித்தவரும் சிவன். இரண்டையும் தானே செய்தவர், அதன் பாரம் தொழிலாளியின் தலையில் இறங்கும் நேரத்தில் கையை நீட்டுகிறார். அந்தக் கையைக் கழித்துவிட்டுச் சொன்னால் பக்திக் கதையில் மிஞ்சுவது ஒரு சலவைத் தொழிலாளியின் சாவுதான்.

எங்கள் மழையைப் பெய்வித்தவர் யார்? மேகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் கடைநிலை ஊழியருக்கும் தெரியும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மழைக்காலத்துக்கு நாலு. எங்களிடம் இருந்தது இரண்டும் சொச்சமும். மூன்றாவது செட் வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தைச் சலவைக்காரரின் குடும்பம் கூடத்தில் ஃபேன் போட்டு ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இதை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு முதலாளியிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, யாரும் அந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்ததில்லை. கரூரிலிருந்து ஒரு லோடு விரிப்பு வந்தது. ஐப்பசி, கார்த்திகைக்குப் பிடித்தம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது. மார்கழியிலும் பெய்கிறதே என்று சலவைக்காரர் கேட்டார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அப்பூதியடிகளிடம் வருகிறேன். திங்களூர், திருவையாற்றுக்குப் பக்கம். எங்கள் விருந்தாளிகள் சந்திரனுக்காகப் போகும் ஊர். கார் டிரைவர்கள் அரைமணியில் தரிசனம் முடித்து அடுத்த கிரகத்துக்குக் கிளப்பிவிடுவதால், அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர் என்று கவனிக்கிறவர்கள் குறைவு. அவர் நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரைத் தன் பிள்ளைகளுக்கு வைத்தார், பசுக்களுக்கு வைத்தார், அளக்கும் படிக்கும் நிறைகோலுக்கும் வைத்தார், தான் நடத்திய தண்ணீர்ப் பந்தலுக்கும் வைத்தார். தன் காசு, தன் உழைப்பு, பெயர்ப்பலகையில் இன்னொருவர். திருநாவுக்கரசரே அந்தப் பந்தலுக்கு வந்து, உங்கள் பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டபோது அப்பூதிக்குக் கோபம்தான் வந்தது. தனக்குச் சொந்தமான எல்லாவற்றையும் ஒருவருக்கு எழுதிவிட்டு, சொந்தக்காரனைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். பயிற்சியாளர் கனவில் வருகிற ஊழியர் இவர்தான். ஒரே ஒரு வித்தியாசம், யாருக்காக என்பதை அவரே தேர்ந்தார்.

வந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் விருந்துக்கு அழைக்கிறார். மூத்த மகன் வாழைக்குருத்து அரியப் போகிறான், பாம்பு தீண்டுகிறது. இலையைக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்துவிட்டு விழுந்து இறக்கிறான். பெற்றோர் உடலை மறைத்து வைத்துவிட்டு இலை போடுகிறார்கள், விருந்து கெடக்கூடாது என்று.

இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மும்பை தாஜ் ஹோட்டல் நினைவுக்கு வரும். 2008 நவம்பர் 26, பயங்கரவாதிகள் தாக்கிய ராத்திரி. 1,200-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். வெளியே போகும் வழியெல்லாம் தெரிந்த ஊழியர்கள் முதலில் ஓடவில்லை, விருந்தாளிகளை அனுப்பினார்கள். ஊழியர்களில் 11 பேர் இறந்தார்கள். ஜெனரல் மேனேஜர் கரம்பீர் காங்கின் மனைவியும் இரண்டு மகன்களும் ஆறாவது மாடியில் இருந்தார்கள். அவர்கள் இறந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. ஹார்வர்டு பேராசிரியர் ரோஹித் தேஷ்பாண்டேயும் அஞ்சலி ரைனாவும் 2011-இல் இதைப் பற்றி எழுதினார்கள். தாஜ் சிறு ஊர்களிலிருந்து ஆள் எடுப்பதும், மற்றவர்கள் பன்னிரண்டு மாதம் பயிற்சி கொடுக்கும்போது இவர்கள் பதினெட்டு மாதம் கொடுப்பதும், ஊழியர் நிர்வாகத்தின் ஆளாக இல்லாமல் விருந்தாளியின் ஆளாக நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும் அதில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாளியின் சொத்துக்காக யாரும் குண்டுக்கு முன்னால் நிற்கமாட்டார்கள். சாயங்காலம் தங்கள் கையால் பரிமாறிய மனிதருக்காக நின்றார்கள்.

காங்கை நினைத்தால் கை தானாகக் குவியும். ஆனால் அவர் படத்தை ஸ்லைடில் போட்டு, மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் பெண்கள் முன்னால் காட்டி, "பாத்தீங்களா?" என்று கேட்பதை என்னால் சகிக்க முடியாது. அப்பூதியிடமும் யாரும் மகனை மறைக்கச் சொல்லவில்லை. தானாகக் கொடுப்பதைத் தொண்டு என்கிறோம். அதையே கேட்டு வாங்கினால் என்ன பெயர் சொல்வது?

அந்தக் கதையிலும் பயிற்சியாளர்கள் கடைசிப் பக்கத்துக்கு முன்பே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். திருநாவுக்கரசர் இலை முன்னால் உட்கார்ந்து எல்லாருக்கும் திருநீறு கொடுக்கும்போது மூத்த பிள்ளை எங்கே என்று கேட்கிறார். அவன் இப்போது உதவமாட்டான் என்கிறார் தகப்பன். ஏதோ சரியில்லை என்று விருந்தாளிக்குப் படுகிறது. விடாமல் கேட்டு உண்மையை வாங்குகிறார். தெரிந்த பிறகு அவர் சாப்பிடவில்லை. எழுந்து, பிள்ளையைக் கோயில் முன்னால் கொண்டுவரச் செய்து, பதிகம் பாடுகிறார். பிள்ளை எழுந்த பிறகும் பெற்றோருக்கு அதில் சந்தோஷம் இல்லையாம், அடியவர் இன்னும் சாப்பிடவில்லையே என்ற வருத்தம்தானாம். நாவலர் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார். எனக்கு அந்த வரி இன்னும் செரிக்கவில்லை. வகுப்பு நடத்தும் ஐயாவிடம் கேட்டேன். "அது அவங்க அன்பும்மா. நீங்க அரசரைப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னபடி அரசரைப் பார்த்தால், இரண்டு கதையிலும் தொண்டு எல்லை மீறும்போது அதைத் தடுப்பது தொண்டைப் பெறுகிறவர். கல்லுக்குள்ளிருந்து கை நீட்டினார், இலையை விட்டு எழுந்தார். தாஜிலோ எங்கள் ஹோட்டலிலோ விருந்தாளியால் அது முடியாது. அவருக்குத் தெரியாது. தரையில் மெத்தை விரித்தவளையே அவர் பார்த்ததில்லை, அவள் பிள்ளையை எங்கே கேட்கப் போகிறார்? அந்த இடம் காலியாக இருக்கிறது. கடவுளும் விருந்தாளியும் இல்லாத அந்த இடத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவள் நான். மேனேஜர் என்றால் தொண்டர்களுக்குத் தலைவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியபுராணத்தில் எனக்கு வேலை இருக்குமானால் அது அந்தக் கையின் வேலைதான்.

சில சமயம் சட்டமும் அந்தக் கையாகும். 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும். ஜவுளிக்கடைப் பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே காலம் தள்ளியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எங்கள் ரிசப்ஷனிலும் ஸ்டூல் போட்டேன். நின்றால்தான் மரியாதை என்றார் முதலாளி. சட்டத்தைச் சொன்னேன். சரி, பின்னால் தள்ளிப் போடு, தெரியவேண்டாம் என்றார்.

போன வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், இரண்டாம் மாடி முழுக்க அவர்களுக்கு. பத்து மணிவாக்கில் இரண்டாம் மாடிக்காரிக்குப் போன் வந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பையனுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று. அவள் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த அறையின் விரிப்பை உதறப் போயிருக்கிறாள். கல்யாண ரூமாச்சே, அரைகுறையாக விட்டுப் போகக்கூடாது என்று. கூட வேலை செய்தவள் வந்து என்னிடம் சொன்னதால் தெரிந்தது. நான் மேலே போனபோது அழுதுகொண்டே தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். "இந்த மூணு ரூம் மட்டும்க்கா" என்றாள். கையிலிருந்த உறையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். துணைக்கு இன்னொருத்தியையும் அனுப்பியதில் மாடியில் ஆளே இல்லை. நானும் ரிசப்ஷன் பையனும் விரிப்புப் போட்டோம். அவனுக்கு மூலை மடிக்கத் தெரியாது.

அறை தயாராக மூன்றரை ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஹாலில் நின்று கத்தினார். அவர் கத்தியது நியாயம், காசு கொடுத்தவர், வெயிலில் வந்தவர். அன்று ராத்திரியே ஒரு நட்சத்திரம் போட்டு, ரூம் ரெடி இல்லை, பொறுப்பில்லாத நிர்வாகம் என்று எழுதினார்.

முதலாளி போனோடு வந்தார். "பையனுக்கு உடம்பு சரியில்ல, அதான் லேட்டுன்னு பதில் போடும்மா. ஜனங்க எரக்கப்பட்டு ஸ்டாரை ஏத்துவாங்க" என்றார். முடியாது என்றேன். அவள் பிள்ளையின் வலிப்பு எங்கள் விளம்பரத்துக்கு இல்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று மட்டும் எழுதினேன். அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. பையன் நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். காலாண்டு ஊக்கத்தொகையில் எனக்குக் கொஞ்சம் குறைந்தது, ரிவ்யூ கணக்குப்படி. அதில் முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாசக் கடைசியில் கேஷியர் அந்த ஆட்டோ வாடகைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மேடம், இதை எந்தக் கணக்குல எழுதறது?" சலவைக் கணக்கில் எழுதச் சொன்னேன்.